பால் காய்ச்சும் முன் வந்த நாற்காலி

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். வீட்டில் எல்லாம் தர்மினி இஷ்டம். நாற்காலி மட்டும் என் இஷ்டம்.

இதை முடிவு என்பதா, சரணாகதி என்பதா, எனக்கே தெரியவில்லை. கெலாங் பாத்தாவில் நாங்கள் வாங்கிய டெரஸ் வரிசை வீட்டில் தரைக்கு டைல்ஸ் அவள் சொன்னது. சுவருக்குப் பெயிண்ட் அவள் சொன்னது. ஆணி எங்கே அடிக்கலாம் என்பதற்குக்கூட ஒரு வரைபடம் வைத்திருந்தாள். நான் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். காலையில் போகும்போது இருந்த சுவர் சாயங்காலம் வரும்போது இருக்காது. நானும் ஏன் என்று கேட்பதில்லை.

கேட்டுப் பயனில்லை. தர்மினி பல் டாக்டர். பகல் முழுக்க அவள் யாரிடம் கேள்வி கேட்டாலும் அவர்கள் வாயில் பஞ்சு இருக்கும். பதில் வந்து அவளுக்குப் பழக்கமே கிடையாது.

வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே நோட்டுப் புத்தகம். கூரை ஒழுகல், தாலிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, நாதஸ்வரம், சாக்கடை மூடி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக முடித்து அடித்துக்கொண்டே வருவாள். அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். 'விஜயேந்திரன், கோட்டு அளவு' என்று, சாக்கடை மூடிக்குக் கீழே. சாக்கடை மூடியை அடித்துவிட்டாள். என்னை இன்னும் அடிக்கவில்லை. அந்த வகையில் நிம்மதி.

இப்போது நாற்காலி. நான் முதல் சம்பளத்தில் வாங்கியது. பதினோரு வருஷமாக வாடகை அறையில் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. பழுப்பு நிறம். பக்கத்தில் ஒரு லீவர். இழுத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம், உடனே முதுகு சாயும், கால் மேலே வரும். நின்றுகொண்டிருந்தால் எனக்கு எந்த விஷயத்திலும் கருத்து கிடையாது. அதில் சாய்ந்தேன் என்றால் மூன்று நாட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவேன். அது இல்லாத வீட்டில் நான் வெறும் விருந்தாளி. உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.

பெயிண்ட் வாசம் அடிக்கும் ஹாலில் நின்று, மெல்ல ஆரம்பித்தேன்.

"தர்மினி, அந்த ஜன்னலோரம் என் நாற்காலிய வெக்கலாம்னு பாத்தேன்."

"எது? பூனை கத்துமே, அதுவா?"

"அது பூனை இல்ல. லீவர்."

"அலமாக்! விஜய், அதுக்குத் தோல் உரியுது."

"வயசாச்சுல்ல."

"உரிஞ்சு உங்க முதுகுல ஒட்டுது. நிச்சயதார்த்தத்துல உங்க சட்டையில ஒரு துண்டு ஒட்டியிருந்துச்சு. எங்க சித்தி கரப்பான்னு நெனச்சு செருப்பக் கழட்டிட்டாங்க."

"சரி, துணி போட்டு மூடிரலாம்."

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடி பழைய சாமான் எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது. உங்கம்மாவே சொல்லிட்டாங்க."

எங்கம்மா சொன்னது உண்மைதான். நாள், நட்சத்திரம் பார்த்துப் பாலைக் காய்ச்சி, அது பொங்கி வழிந்த பிறகுதான் வீடு வீடாகும். அதுவரை புதுச் சாமான் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார்கள். தர்மினி போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு அப்படி ஒரு சாஸ்திரம் ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்.

"சரி, காய்ச்சின பிறகு?"

"பாப்போம்."

தர்மினியின் அகராதியில் 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்'. 'சரி, பாப்போம்' என்றால் 'செத்தாலும் மாட்டேன்'.

நான் சும்மா விடவில்லை. பாலம் தாண்டும் நெரிசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து யோசித்தேன். பழைய சாமான்தானே வரக்கூடாது? புதுச் சாமான் வரலாம். அப்படியானால் நாற்காலியைப் புதுசாக்கிவிட்டால்? பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். என் மூளைக்கு மரியாதை செய்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

மூவாரில் சோபா செய்யும் பட்டறை வைத்திருக்கிறான் கனகராஜ், என் பள்ளிக்கூடத்து நண்பன். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன், பந்தியில் ஒருத்தரை விடாமல் தன் கடை அட்டையைத் திணித்துவிட்டுப் போனவன். ஒரு சனிக்கிழமை நாற்காலியை லாரியில் ஏற்றி அவனிடம் கொண்டுபோனேன்.

அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மச்சான், இதக் குப்பையில போட்டா குப்பை லாரிக்காரன் சண்டைக்கு வருவான்."

"எலும்புக்கூடு நல்லா இருக்குடா. பஞ்ச மாத்து, துணிய மாத்து, கால மாத்து. கருப்புத் துணி போடு. மேல பிளாஸ்டிக் சுத்திக் குடு. மூவார்ல புதுசா செய்யச் சொல்லி வாங்கினேன்னு சொல்லிருவேன்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயா? அவகிட்டத்தான்."

கனகராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டாக்டர்கிட்டயா? வேணாம்லா."

"நீ துணிய மாத்து. பொண்டாட்டிய நான் பாத்துக்கறேன்."

"இன்னும் பொண்டாட்டி ஆவலியே."

"அதனாலதான் தைரியமா பேசறேன்."

போனை எடுத்தான். "நில்லு மச்சான், ஒரு படம் எடுத்துக்கறேன். பழசா இருக்கறப்ப ஒண்ணு, புதுசானதும் ஒண்ணு. எந்தச் சாமான் வந்தாலும் கடை வழக்கம்." ஏதோ ஆல்பத்துக்காக இருக்கும் என்று நானும் நாற்காலி மேல் ஒரு கையைப் போட்டு, இன்னொரு கையால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்து நின்றேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். நாற்காலி பளபளவென்று இருந்தது. எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. ஆனால் பச்சை.

"கருப்புல்ல கேட்டேன்?"

"கருப்பு முடிஞ்சிருச்சு மச்சான்." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. சின்னப் பிள்ளை முடி வெட்டக் கடைக்குப் போனால் உட்காருமே, அப்படிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா இவ்ளோ ஒசரம்?"

"புதுப் பஞ்சு. உக்கார உக்கார எறங்கிரும்."

கைப்பிடிக்கு வெளியே ஒரு பை தைத்திருந்தான். பேப்பர் வைக்க ஒன்று, அதற்குள் மூக்குக் கண்ணாடி வைக்கச் சின்னதாக இன்னொன்று. நான் கண்ணாடி போடுகிறவனே இல்லை.

"கல்யாண மாப்பிள்ளைக்குச் சும்மா ஒரு அன்பளிப்பு," என்றான். மறுபடியும் கூரை.

லீவரை இழுத்தேன். கிறீச்.

"இத மாத்தலியா?"

"அந்தச் சாமான் இப்ப வர்றதில்ல மச்சான்."

எனக்கும் அந்தச் சத்தம்தான் பிடிக்கும். அதனால் கிளறவில்லை.

மறுநாள் லாரி வீட்டு வாசலுக்கு வந்தபோது தர்மினி நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இறங்கியது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"புதுசா?"

"புத்தம் புதுசு. பிளாஸ்டிக் பாத்தியா?"

"எங்க வாங்கினது?"

"மூவார்ல. சொல்லிச் செஞ்சது."

"ஏன் இவ்ளோ ஒசரம்? உங்க கால் எட்டாதே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நமக்கு மட்டுமா செய்யறது? பெரியவங்க வந்தா எந்திரிக்க வசதியா இருக்கும். முட்டிக்கு நல்லதாம்."

"இந்தப் பை?"

"பேப்பர் வெக்க."

"நீங்க பேப்பரே படிக்க மாட்டீங்களே."

"பெரியவங்க படிப்பாங்கல்ல!"

தர்மினி நோட்டை மூடினாள். அவள் அதை மூடி நான் பார்த்ததே இல்லை. "பெரியவங்களுக்காக எவ்ளோ யோசிச்சிருக்கீங்க விஜய்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டைல்ஸ் தேர்ந்தெடுத்த நாளுக்கப்புறம் அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். ஜன்னலோரம் நாற்காலி. கையில் தர்மினியின் கை. ஆண்களே, பெண்களை வெல்ல முடியாது என்று சொல்கிறவனுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு முகூர்த்தம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிரீம் நிற சோபா ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கல்யாணம் முடியும்வரை பிளாஸ்டிக் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்பது தர்மினியின் உத்தரவு. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது 'பர்ர்' என்று சத்தம் வரும். அதனால் மானமுள்ள யாரும் உட்காரவில்லை.

பால் பொங்கியது. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் நைசாக ஜன்னலோரம் நகர்ந்தேன். இனி வீடு வீடாகிவிட்டது, நாற்காலி நாற்காலியாகிவிட்டது, உட்கார வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா, இங்க வாங்க," என்றாள் தர்மினி.

என் மாமனார் சோமசேகரம், லாயாங் லாயாங் என்ற ஊரில் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். மாமி தவறிப்போன பிறகு அங்கேயே தனியாக இருக்கிறார். முட்டி வலி. கதவுப் பக்கமே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் தர்மினி. "இந்த நாற்காலி விஜய் அப்பாவுக்காக மூவார்ல சொல்லிச் செஞ்சது. அப்பாவுக்கு முட்டி வலின்னு ஒசரமா வெக்கச் சொல்லியிருக்காரு. பேப்பருக்கு ஒரு பை, கண்ணாடிக்கு ஒரு பை. எங்கிட்டகூட முழுசா சொல்லல."

கூட்டம் என்னைப் பார்த்து ஆஹா என்றது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். பஞ்சு இல்லாமலே பதில் வரவில்லை.

மாமா மெதுவாக வந்து உட்கார்ந்தார். கால் கச்சிதமாகத் தரையில் பதிந்தது. துணியைத் தடவிப் பார்த்தார். "பச்சை," என்றார். "முப்பத்திரண்டு வருஷம் கையில பிடிச்ச கொடி நிறம்." லீவரை இழுத்தார். கிறீச்!

பூனைச் சத்தத்தில் மாட்டிக்கொண்டேன், ஒரேயடியாக விஷயம் வெளியே வரட்டும் என்றே ஒரு கணம் நினைத்தேன். மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "இது நம்ம பழைய கூட்ஸ் வண்டி பிரேக்குச் சத்தம்லா!" இன்னொரு தடவை இழுத்தார். கிறீச். கண் கலங்கியிருந்தது. "நீங்க எனக்கு இவ்ளோ செய்யணுமா தம்பி?"

"மாமா, அது வந்து..."

"சொல்லுங்க விஜய்," என்றாள் தர்மினி. மிக அன்பாகச் சொன்னாள். "எல்லாரும் இருக்காங்க."

என்ன சொல்வது? இது என்னுடைய பழைய நாற்காலி என்று சொல்லலாம். சொன்னால், பால் காய்ச்சுவதற்கு முன்னாடி பழைய சாமானை உள்ளே கொண்டுவந்தவன் நான்தான் என்று ஆகும். பிறகு மழைக்குக் கூரை ஒழுகினாலும் என் நாற்காலிதான் காரணம். எதிரே எங்கம்மா கையில் பால் டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு நான் ஏழு வயசிலிருந்து பயந்தவன். அதோடு, பொய் சொல்வானேன், அந்த மனுஷன் சாய்ந்திருந்ததைப் பார்த்தபோது எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"காலை நல்லா நீட்டிக்குங்க மாமா," என்றேன்.

பத்து மணிக்கு லாரி வந்தது. யார் சொல்லி வந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்காலி லாயாங் லாயாங்குக்குப் புறப்பட்டது. மாமா முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பி அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். தர்மினி நோட்டைத் திறந்து எதையோ அடித்தாள். எட்டிப் பார்த்தேன். 'அப்பாவுக்கு நாற்காலி' என்று இருந்தது. எழுதின தேதி, போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் நாற்காலியை மூவாருக்குக் கொண்டுபோனதற்கு மறுநாள்.

பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து கனகராஜிடமிருந்து செய்தி. 'மச்சான், எங்க கடை ஃபேஸ்புக் பக்கத்துல இந்த மாசம் உன் நாற்காலிதான் முதல் இடம்!' கூடவே ஒரு இணைப்பு.

தொட்டேன். என் பழைய நாற்காலி. அதன்மேல் என் கை. என் கட்டைவிரல். முப்பத்திரண்டு பல். படத்துக்குக் கீழே முதல் ஆளாகத் தர்மினி எழுதியிருந்தாள். 'அண்ணே, உக்காரற இடம் ரெண்டு அங்குலம் ஒசரமா வைங்க, அப்பாவுக்கு முட்டி வலி. பேப்பருக்கும் கண்ணாடிக்கும் பை வேணும். பச்சைத் துணி. லீவர மட்டும் மாத்திடாதீங்க, அந்தச் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்கும்.'

அதற்குக் கனகராஜின் பதில்: 'சரிங்க டாக்டர். மாப்பிள்ளை கேட்டா கருப்பு முடிஞ்சிருச்சுன்னு சொல்லிடறேன்.'

அந்தப் பதிலுக்கு ஒரே ஒரு இதயக்குறி இருந்தது. போட்டது எங்கம்மா.