நெஞ்சு கனத்த நோயாளி

இனி ஒரு இசைத்தட்டுகூட வாங்கமாட்டேன் என்று எக்ஸ்ரேக்காரர் தன் மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

"சாப்பிடற தட்டு வைக்க இடமில்லை. பாடற தட்டுக்கு மூணு அலமாரியா?" என்று அவள் போட்ட போட்டில் வாயிலிருந்து விழுந்த சத்தியம். வாய்க்கு மனசு ஜாமீன் நிற்குமா?

பழைய சாமான் கடையில் அந்தத் தட்டைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீசை அரும்பிய வயசில் அவர் நேரில் கேட்ட ஜாஸ் கச்சேரியின் பதிவு அது. அன்று உட்கார இடமில்லாமல் தூணுக்குப் பின்னால் நின்றார். டிரம்பெட்காரரின் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த மனுஷர் இழுத்த மூச்சு கேட்டது. பிறகு குழு கலைந்தது. கூடத்தை இடித்துக் கார் நிறுத்த இடமாக்கினார்கள். அந்த மூச்சைத் தேடித் தேடித்தான் மூன்று அலமாரியும் நிரம்பின.

ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே போடும் பெரிய உறை, தட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. வாங்கிய தட்டை அதில் போட்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"என்னங்க அது?"

"ஒரு நோயாளியோட நெஞ்சு."

"அது இங்க எதுக்கு?"

"சந்தேகமா இருக்கு. நிதானமா பார்க்கணும்."

மனைவி உறையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "நெஞ்சு இவ்வளவு கனமா இருக்கே?"

"சளி."

"ஐயோ பாவம்."

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் உறையும் இல்லை, மனைவியும் இல்லை. பதறிப்போய் போன் செய்தார்.

"என் தம்பி நெஞ்சு டாக்டர்தானே? அவன்கிட்ட காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மைத்துனன் வீட்டுக்கு ஓடினார். தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து டிரம்பெட். ஒரு வரி முடிந்து, அடுத்த வரிக்கு முன்னால், அதோ, அந்த மூச்சு! பாட்டு முடியும்வரை அவருக்குப் பொய்யும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

ஜன்னலில் மனைவியின் தலை எட்டிப்பார்த்தது.

"ஏங்க, தெருவில நின்னு ஏன் அழறீங்க? நோயாளி பிழைச்சிட்டாரு. மூச்சு அருமையா வருது."

"கொடும்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அதெப்படி? தம்பி அட்மிட் பண்ணிட்டான். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்த்துட்டுப் போங்க."