முனிரத்தினத்துக்காக நாகேந்திரன் பேசியது

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் நாளையிலிருந்து என் சோற்றில் உப்பு விழாமல் போகட்டும். டாக்டர் ஏற்கெனவே உப்பை நிறுத்திவிட்டார் என்பது வேறு விஷயம்.

போன் அடித்தபோது, எந்தக் கம்பெனிக்குத் தான் எந்த ஆள் என்பது முனிரத்தினத்துக்கு மறந்துபோயிருந்தது.

சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஃபாக்டரியில் அவன் ஸ்டோர் இன்சார்ஜ். ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். ஐம்பது தாண்டியவன், ஒரே பயோடேட்டாவை ஊரெல்லாம் அனுப்பிப் பார்த்தான். பதில் இல்லை. குடிபாலாவில் நெட் சென்டர் வைத்திருக்கும் ஹரிபாபுதான் நோயைக் கண்டுபிடித்தான்.

"பொண்ணு ஊட்டுக்குத் தக்கன ஜாதகம் எழுதறாங்க இல்ல? இதுவும் அப்படித்தான் அண்ணா. கம்பெனி இன்னா கேக்குதோ, அதுவா நீ ஆவணும்."

ஆனான். திருப்பதி லாட்ஜுக்குப் போன பயோடேட்டாவில் முனிரத்தினம் பக்தர்களின் முகம் பார்த்தே பசி அறிபவன். பள்ளி விடுதிக்குப் போனதில் பிள்ளைகள் என்றால் உயிரை விடுபவன். சந்திரகிரிப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குக்குப் போனதில் எலிகளுக்கு எமன். வயது எதிலும் இல்லை. ஹரிபாபு அதை 'முதிர்ந்த அனுபவம்' ஆக்கிவிட்டான்.

அதனால்தான் போனில் வந்த பள்ளி விடுதிக்காரரிடம், ராத்திரியில் சத்தம் கேட்டால் மருந்து வைத்துவிடுவேன், காலையில் கூட்டித் தள்ளிவிடலாம் என்று உறுதி கூறினான். அடுத்து அழைத்த லாட்ஜ் மேனேஜரிடம், வருகிறவர்களை மடியில் உட்காரவைத்துச் சோறூட்டவும் தனக்குத் தயக்கமில்லை என்றான். இருவரும் மறுபடி கூப்பிடவில்லை.

மிச்சம் கிடங்கு. அதற்கு ஆளெடுக்கும் ஆபீசிலிருந்து காவ்யா என்றொரு பெண் பேசினாள். அவன் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருந்தாள். ஒரு தடவைகூட உச்சுக்கொட்டவில்லை. அவன் மனைவி வசந்தாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"பெத்த பொண்ணுகூட உங்களாண்ட இவ்ளோ பொறுமையா பேசறதில்ல. யாரு அவ?"

பழைய மேலதிகாரி யாராவது அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள் காவ்யா. மேலதிகாரி நாகேந்திரன், ஃபாக்டரி போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாருக்கு முனிரத்தினத்தைத் தெரியும்? எல்லைப்புறத்து மக்கள் எல்லோரையும்போல் அவன் போனிலும் ஆந்திரா சிம் ஒன்று, தமிழ்நாடு சிம் ஒன்று. வாசலில் நின்றால் அது எடுக்கும். கொல்லையில் நின்றால் இது எடுக்கும். கொல்லை நம்பரை நாகேந்திரனுடையது என்று காவ்யாவிடம் கொடுத்தான்.

நாகேந்திரன் வெற்றிலை அடக்கிய வாயோடுதான் பேசுவார். ஆகவே கொல்லையில் மணி அடித்ததும், முனிரத்தினம் வலது கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு முனிரத்தினத்தைப் புகழ்ந்தான். முதலில் அளவோடு. பிறகு, தொட்டி உடைந்த அன்று அந்தப் பையன் கழுத்தளவு மாங்கூழில் நீந்திப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததையும் சொன்னான். தன்னைப் பற்றி இத்தனை நல்ல சேதியைக் கேட்டு அவனுக்கே கண் கலங்கியது.

பேச்சு அளவுக்கு மீறி எடுபட்டுவிட்டது. அந்த வேலையில் நாகேந்திரன் சாருக்கே விருப்பம் உண்டா என்று காவ்யா கேட்டாள்.

முனிரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. செத்தும் அந்த ஆளுக்குத்தான் பிரமோஷனா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தான். சற்று நேரத்தில் வாசல் சிம் அடித்தது. நாகேந்திரன் எப்படிப்பட்டவர் என்று இப்போது முனிரத்தினத்திடம் விசாரணை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடியவன், நல்ல மனிதர்தான், ஆனால் கையெழுத்துப் போடக்கூட நாங்கள்தான் தட்டி எழுப்ப வேண்டும் என்று போட்டுக்கொடுத்தான்.

கூட வேலை செய்தவரைக் குறை சொன்னால் மார்க் போய்விடும் என்று ஹரிபாபு தலையில் அடித்துக்கொண்டான். அப்படித்தான் ஆயிற்று. வாசல் சிம் அதோடு ஊமையானது.

கொல்லையில் மட்டும் இன்னொரு தடவை அடித்தது. வெற்றிலை தீர்ந்துபோயிருந்தது. வசந்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் வெறும் வாயோடு நாகேந்திரனாக நின்றான்.

"எனக்கு வாணாம்மா. அவனுக்கே குடு. நான் சொன்னதுல பாதி கட்டினது. அவன் நீந்தல, ஒண்ணும் பண்ணல. ஆனா காலைல எழுந்து போறதுக்கு ஒரு எடம் இல்லாம ஊட்ல ஒக்காந்துக்கினு கீறான். துன்ற சோறு எறங்கல அவனுக்கு. தன் வாயால கேக்க வெக்கப்படறான். அதான் நான் கேக்கறேன்."

வசந்தா கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமலே நின்றாள்.

 "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்" என்றாள் காவ்யா.

ஃபாக்டரி மூடிய பிறகு அவனிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் வசந்தாவே சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பெண்ணை நேரில் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரச்சொல்லி, பை நிறைய பங்கனபள்ளி மாம்பழமும் வைத்தாள்.

திருப்பதியில் அந்த ஆபீஸ் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. வாசலில் ஒரு செக்யூரிட்டி. காவ்யாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, முனிரத்தினம் பையை முன்னால் நீட்டினான். செக்யூரிட்டி ஊர் பேர் எதுவும் விசாரிக்கவில்லை. பைக்கு இடம்தான் தேடினார். மூலையில் ஏற்கெனவே ஒரு வாழைத்தார், முறுக்கு டப்பா, வாடிய மல்லிகைப் பொட்டலம், முருங்கைக்கீரைக் கட்டு.

"அங்கியே வெச்சுட்டுப் போண்ணா," என்றார். "காவ்யா ஆளு இல்ல, கம்ப்யூட்டரு."