துண்டுக்குள் பேசிய வேலை

போடிநாயக்கனூர்,
18-7-1981

உசிலம்பட்டி வீதியில் நடந்தால் எதிரே வரும் பஸ்சும் ஒதுங்கி வழிவிடும் பெருமை படைத்த என் மச்சான் மொக்கச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனனும் போடி மாட்டுத் தரகனுமாகிய காசிமாயன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரி சுந்தரம்மாள், மகள் செல்லத்தாய், தொழுவத்தில் நிற்கும் நாலு உருப்படிகள் எல்லாரும் சுகம். அங்கே அக்கா ராமுத்தாயின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இரண்டில் ஒன்று இறங்கியிருந்தாலும் போதும்.

நீங்கள் போட்ட கார்டு வந்து சேர்ந்தது. "என் மகனுக்கு வேலை தேடச் சொன்னால் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். வேலை உத்தரவு கைக்கு வராமல் இனிமேல் கல்யாணப் பேச்சு எடுக்காதே" என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் அதை வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்ததால், அன்று ஏலக்காய்க் கடைகளில் ஏலத்தையே நிறுத்திவிட்டு இதைப் பற்றித்தான் பேசினார்களாம். ஆகவே நடந்ததை என் வாயாலும் நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் மகன் ராஜாராம் ஊருக்குத் திரும்பிச் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் மாடு சொல்லும் உண்மை வேறு, தரகன் சொல்லும் உண்மை வேறு.

மதுரையில் பி.ஏ. சரித்திரம் முடித்த கையோடு அவன் வைகாசியில் என் வீட்டுக்கு வந்து இறங்கினான். ஆவணிக்குள் ஒரு வேலை, வேலை கிடைத்ததும் செல்லத்தாய்க்கும் அவனுக்கும் கல்யாணம் என்று சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நீங்கள் சொன்ன வாக்கு என் காதில் மேளம் போல ஒலித்துக்கொண்டிருந்தது. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆபீசில் படித்த ஆள் தேடுகிறார்கள் என்று ஜீப்பு ஓட்டும் சின்னமுத்து வந்து சொன்னான். உடனே ராஜாராம் தன் கல்லூரியில் ஒரு புரொபசர் வேலை தேடுகிற பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னதை எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தான். நிமிர்ந்து உட்கார வேண்டுமாம், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டுமாம், தன்னுடைய திறமைகளைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டுமாம். நான் சிரித்த சிரிப்பில் தொழுவத்துப் பசு பால் சுரப்பதை நிறுத்திவிட்டது. முப்பது வருசமாக நான் விற்ற மாடுகளை வரிசையாக நிறுத்தினால் முதல் மாட்டின் கொம்பு கொச்சியிலும் கடைசி மாட்டின் வால் குரங்கணியிலும் இருக்கும். அதில் ஒரு மாடாவது தன் திறமையைத் தானே சொன்னதுண்டா? கூட ஒரு தரகன் நிற்க வேண்டும், மச்சான். "நீ வாயத் தொறக்காத மாப்ளே, மத்ததெல்லாம் மாமன் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

விற்பனைக்குப் போகும் உருப்படிக்கு முதலில் மினுமினுப்பு வேண்டும். விடியக்காலம் அவனை உட்கார வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசினேன். சட்டை மாட்டி வெயிலில் நிறுத்தியபோது, சூரியன் கண் கூசி மேகத்துக்குள் ஒதுங்கினான். செல்லத்தாய் மட்டும், "அப்பா, ஜீப்பு ரோட்டுல புழுதி பறக்குமே" என்றாள். பொம்பளைப் பிள்ளைக்குத் தொழில் தெரியுமா? போடியில் டைப்படிக்கப் போய்வந்து, ஹையர் பாஸ் பண்ணின சர்ட்டிபிகேட்டை அரிசிப் பானைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறவள், அவ்வளவுதான். அவளும் சோறு கட்டிக்கொண்டு கூட வருவேன் என்று நின்றாள். வேண்டாம் என்றால் சுந்தரம்மாள் எனக்குச் சோறு போட மாட்டாள் என்பதால் சம்மதித்தேன்.

ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் உள்ளே, நாங்கள் பின்கம்பியில். போடிமெட்டு வளைவுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைவில் என் உயிர் முன்னால் போய் அடுத்த வளைவில் உட்கார்ந்து உடம்புக்காகக் காத்திருந்தது. அன்று மலையில் மழையும் இல்லை. சாலையில் பறந்த புழுதி அத்தனையும் வேறு யாரையும் தேடாமல் நேரே ராஜாராமின் எண்ணெய் மேனியில் வந்து குடியேறியது. எஸ்டேட் வாசலில் இறங்கியபோது பி.ஏ. பட்டதாரியைக் காணோம், குயவர் சூளையில் வைக்க மறந்த ஒரு பொம்மை நின்றது. செல்லத்தாய் முந்தானையை நனைத்து அவன் முகத்தை மட்டும் துடைத்துவிட்டாள். மற்ற இடமெல்லாம் செம்மண், முகம் மட்டும் வெளுப்பு. அதுவும் நல்லதற்கே, நெற்றிச்சுட்டிக் காளைக்கு என்றைக்கும் விலை அதிகம் என்று நான் தைரியம் சொன்னேன்.

மேனேஜர் வர்க்கீஸ் என்கிற மலையாளத்துக்காரர் நல்ல ஆகிருதி. ராஜாராமைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்த ஆள் எங்கே என்று என்னிடம் கேட்டார். இவன்தான் என்று முன்னால் தள்ளி, நாலடி முன்னும் நாலடி பின்னும் நடக்க வைத்தேன். பல்லைக் காட்டச் சொன்னேன். அதன் பிறகு தொழில் தர்மத்துக்கு வந்தேன். மச்சான், கெட்ட சுழியை மறைத்து மாட்டை விற்றால் அந்தப் பாவம் தரகன் வீட்டுக்குத்தான் வரும். கேட்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிட வேண்டும். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம் உண்டால் தூங்கிவிடுவான். இங்கிலீஷ் பேப்பரில் ஒருமுறை இடறி விழுந்து எழுந்தவன். அட்டைப் பூச்சி காலில் ஏறினால் ஊருக்கே கேட்கும்படி அலறுவான். இருட்டினால் கொல்லைக்குப் போகக் கூட ஆள் வேண்டும். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். குறை கேட்டு மலைத்தவரை விலைக்குக் கொண்டுவருவது எனக்குப் புதிதா? தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்துவிட்டேன்.

சந்தையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஊரறியாமல் விலை பேசத் துண்டுக்கு அடியில் விரலால் பேசுவதைவிட மரியாதையான வழி உலகத்தில் இல்லை. அவரோ, நான் கையூட்டு வைக்கிறேன் என்று நினைத்துக் கையை இழுத்தார். இழுத்தபோது என் பிடியில் அவருடைய நாலு விரல் சிக்கியிருந்தது. சம்பளம் நாலு நூறுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "தெகஞ்சது" என்று பேரம் முடிந்ததை அறிவித்துவிட்டேன். ஆபீசே எழுந்து வந்தது.

"எந்தா மனுஷ்யா இது? கை விடு!"

"பிடிக்கலேன்னா ஒரு மாசத்துல திருப்பி ஓட்டி விடுங்க சாமி, நானே வாங்கிக்கிறேன்."

அதற்கு மேல் நடந்ததை ராஜாராம் சொல்லியிருப்பான். காவற்காரர்கள் எங்கள் இருவரையும் தொட்டிலில் இட்ட பிள்ளை போலத் தாங்கிக் கேட்டுக்கு வெளியே வைத்தார்கள். என் துண்டு உள்ளே தங்கிவிட்டது. இத்தனை ரகளையிலும் செல்லத்தாயைக் காணோம். என்னவென்று கேட்டுக் கம்பி வழியே எட்டிப் பார்த்தால், முன்னறையில் ஆளில்லாமல் கிடந்த டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்து, அதில் யாரோ பாதியில் விட்டுப்போன காகிதத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். அப்பன் மானம் மலையேறுகிற நேரத்தில் மகளுக்கு விளையாட்டு. அப்புறமும் வெகுநேரம் கழித்து, சோற்றுப் பாத்திரத்தையும் என் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆற அமர வந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் ராஜாராம் கையில் ஒட்டிய செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான். போடியில் இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போறேன் மாமா" என்று மட்டும் சொன்னான். அவன் கண் செல்லத்தாய் பக்கம் போனதையும், அவள் தலை குனிந்ததையும் நான் பார்த்தேன். பஸ்சு போன பிறகு அவள் என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மாட்டப் பத்தி நீங்க பேசுங்கப்பா. எங்களப் பத்தி நாங்க பேசிக்கிறோம்." முப்பது வருசத் தரகில் என்னை யாரும் இப்படி மேடையிலிருந்து இறக்கியதில்லை. அன்றிலிருந்து அவள் வைக்கிற குழம்பில் உப்பு இருக்கிறது, முகத்தில் இல்லை.

ஆகவே மச்சான், தராசு உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். இனி வேலை விஷயத்தில் இந்தக் காசிமாயன் வாயும் துண்டும் திறக்காது. ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? வேலை உத்தரவு இல்லாமல் கல்யாணப் பேச்சு இல்லை என்ற உங்கள் வாக்கை உங்கள் வாக்காகவே மதித்து, செல்லத்தாய்க்கு வேறு இடம் பார்க்கச் சின்னமனூர்ப் பக்கம் சொல்லி அனுப்பலாம் என்றிருக்கிறேன். எழுதும்போது எழுத்து கோணுகிறது, பேனா சரியில்லை. ராஜாராம் எங்கிருந்தாலும் மகராசனாக இருக்கட்டும், அவன் காலில் ஒரு அட்டையும் ஏறாதிருக்கட்டும். அக்காவுக்கு என் கும்பிடு. குலசாமி உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும், என் வீட்டுப் பக்கமும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
துண்டு மட்டும் மிஞ்சிய
மு. காசிமாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் தபால்காரர் எஸ்டேட் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். ராஜாராமுக்குத்தான் என்று நினைத்து, உங்கள் கார்டை மனசில் கிழித்துப் போட்டுக்கொண்டே பிரித்தேன். அது செல்லத்தாய்க்கு. அங்கே டைப்படித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதாம். அன்றைக்கு இவள் அடித்த காகிதத்தில் ஒரு பிழை இல்லையாம், பேரையும் விலாசத்தையும் அப்போதே கேட்டு வாங்கி வைத்திருந்தார்களாம். ஆவணி பிறந்ததும் வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு. தங்க வீடும் தருகிறார்கள். மலையில் தனியாக இருக்கக் கூடாது, துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம், துண்டு போட்ட பெரியவர் மட்டும் வேண்டாம் என்று மேனேஜரே கைப்பட எழுதியிருக்கிறார். மச்சான், வேலை உத்தரவு கைக்கு வர வேண்டும் என்றீர்கள், வந்துவிட்டது. யார் பேருக்கு என்று கார்டில் நீங்கள் எழுதவில்லை. பேசாத நிபந்தனையைச் சந்தையில் பிற்பாடு சேர்க்க முடியாது. இப்போது துணைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. உங்கள் மகனுடைய குறைகளை நான் மேனேஜரிடம் சொன்னபோது அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம். தூக்கம், அட்டை, இருட்டு எல்லாம் தெரிந்தே சம்மதம் என்கிறாள். சின்னமனூருக்கு ஆள் போகவில்லை. வெரசா ஆவணி முதல் முகூர்த்தத்தைப் பார்த்துக்கொண்டு போடிக்கு வாருங்கள். வரும்போது தோளில் துண்டு இருக்கட்டும். மற்றதை அதற்குள் பேசிக்கொள்வோம்.