சிவப்பு வண்டியை நான் சோதித்து வாங்கிய வைபவம்

ஹைல்ப்ரான்,
வெள்ளிக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க சகலை கிஸ்பெர்ட்டுக்கு எக்கார்ட் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உல்மில் உன்னுடைய, இர்மாவுடைய, உன் பித்தப்பையுடைய சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கறியை வெட்டிக்கொண்டே, "எக்கார்டுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதாம்! சைக்கிள் வாங்கப் போனாலே இவன் தலையில ஒத்தைச் சக்கரத்தோட கட்டி அனுப்புவாங்க" என்றாயே, நினைவிருக்கிறதா? இர்மா, ஹெட்விக், அக்கா தங்கை ரெண்டு பேரும் சிரித்தார்கள். என் ஹெட்விக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: யாரிடமும் ஏமாறாமல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவேன், ஹெட்விக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலி வரைக்கும் நானே ஓட்டுவேன் என்று. வாங்கிவிட்டேன், சகலை! சிவப்பு. ரெண்டே சீட்டு. கூரை மடங்கும்.

ஓடியது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். நீ வாயைப் பிளப்பது இங்கே தெரிகிறது, மூடிக்கொள். விற்றவர் தில்மான் ரோக் என்று ஒரு குழல் வாசிப்பவர். காதலி இருந்தது கொலோன் நகரத்தில். அவளைப் பார்க்க வாராவாரம் நெடுஞ்சாலையில் சீராக ஓடிப் பழகிய எஞ்சின் அது. உன் பக்கத்து வீட்டுக்காரர் ரொட்டிக்கடைக்குப் போக மட்டும் எடுத்து, சூடேறுவதற்குள் அணைத்து வைக்கிறாரே, அந்த வண்டிதான் உள்ளுக்குள்ளே கெட்டுப்போகும். இப்போது காதலி மனைவியாகி, குழந்தையும் பிறந்து, தள்ளுவண்டி வைக்க இடமில்லையாம். அதனால்தான் விற்பனை.

போன சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்று, வணக்கம் சொல்லும் முன்னே முன்மூடியில் கை வைத்தேன். சூடு! சூடான எஞ்சின் எந்த நோயையும் மறைத்துவிடும், தெரியுமோ உனக்கு? "ஆறட்டும், நான் காத்திருக்கேன்" என்றேன். தில்மானின் மனைவி பாவம், காப்பி கொடுத்தாள், பிளம்ஸ் கேக் கொடுத்தாள், இன்னொரு துண்டும் கொடுத்தாள், குழந்தையைக்கூட என் மடியில் கொடுத்தாள், நான் அசையவில்லை. நன்றாக ஆறிய பிறகு கிளப்பச் சொல்லி, புகைக்குழாய்க்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையோடு குந்தினேன். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை, தில்மான் கை கொடுத்தார்.

அப்புறம் நம் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் மாட்டுப் படக் காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்கத் தடவினேன், ஒட்டாத இடத்தில் பூச்சு அடைத்து மறைத்திருப்பார்கள், இடித்த வண்டி என்று அர்த்தம், எல்லா இடத்திலும் மாடு ஒட்டியது. நல்ல கால்சட்டையோடு அடியில் படுத்து, ஜாக்கி வைக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தேன். டயரின் உள்விளிம்பைத் தடவினேன். சனிக்கிழமை வழக்கப்படி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் எல்லாம் துடைப்பத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன், எஞ்சின் டபக்கென்று நின்றது, கிளட்ச் நல்லது, நிற்காமல் உறுமினால்தான் தேய்ந்தது. கடைசியாக, பூவாளி கேட்டேன்.

"பூவாளி எதுக்கு சார்?" என்றார் தில்மான்.

"கூரையை மூடி நான் உள்ளே உக்காந்துக்கறேன், நீங்க மேல ஊத்துங்க. ஒழுகுதான்னு பாக்கணும்."

"சார், நீங்க கார் வாங்க வந்தீங்களா, இல்ல பிரேதப் பரிசோதனை பண்ண வந்தீங்களா?"

ஊற்றினார், சகலை! நிறையவே ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் கிளம்பும்போது, "என் வாழ்க்கையில இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல" என்றார். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

சாமர்த்தியம் அத்தோடு முடியவில்லை. காப்பீட்டையும் ஹெட்விக் பெயரில் போட்டேன். நான் நம் வீட்டு வாசல் தூணை இடித்த கதைகள் உனக்குத் தெரியும், அவளோ இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் போட்டதில்லை. ஓட்டுபவர் அவள் ஒருத்திதான் என்று எழுதினால் கட்டணம் இன்னும் குறையும் என்றார்கள், அதையும் எழுதினேன். கிஸ்பெர்ட், இதையெல்லாம் நீ செய்திருப்பாயா? செய்திருக்கமாட்டாய். நாளைக் காலையில் கிளம்புகிறோம்.

இர்மாவுக்கு என் அன்பு. உனக்கும், உன் பித்தப்பைக்கும், வாத்து வெட்டும் அந்தக் கத்திக்கும் கடவுள் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஏமாறாத சகலை,
எக்கார்ட்

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): நேற்று மேலே எழுதியதை மடிப்பதற்குள் காப்பீட்டு அலுவலகத்துப் பெண் போனில் கூப்பிட்டாள். ஹெட்விக் எடுத்தாள். "வாழ்த்துகள்மா, இந்த வண்டிய நீங்க மட்டும்தான் ஓட்டலாம்" என்றாளாம். "சும்மா எழுதினது ஹெட்விக், யார் பாக்கப் போறா?" என்றேன். "தெருவுல ஈ காக்கா இல்லாதப்பவும் சிவப்பு விளக்குல நின்னுதானே போறோம் எக்கார்ட்? எழுதினது எழுதினதுதான்" என்றாள். சரி, பக்கத்திலாவது உட்காருகிறேன் என்றேன். "நீ வந்தா ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்தச் சொல்லி அடியில படுத்துக்குவே. இர்மா வர்றா" என்றுவிட்டாள்.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வராது, இர்மாவை ஏற்றிக்கொள்ள உல்முக்கு வரும் அந்த வண்டியிலேயே வருகிறது. கீழே ஹாரன் அடிக்கிறாள். உன் மனைவி பெட்டி கட்டி முடித்திருப்பாள், நீ பேசாமல் ரயிலேறி இங்கே வந்துவிடு. நிறைய துணி எடுத்து வா. வழியில் வண்டி கிண்டி நின்றுபோய் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள் என்று மட்டும் நினைக்காதே. அது எங்கேயும் நிற்காது, நான் பார்த்து வாங்கியது.