உடையாத ஏரியின் தலைவர்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரி உடைவதே இல்லை. எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னால் மேற்கொண்டு யார் கேட்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காட்டின் தலைவர் ஏகாம்பரத்துக்கும் அதே கவலைதான்.

ஏகாம்பரம் ஒரு முள்ளம்பன்றி. பொழுது விடிந்தால் கையில் ஒரு தேக்கிலையோடு ஏரிக்கரையில் நிற்பார். இலையில் நாலே நாலு வரி. கரையில் நண்டு வளை உண்டா? மதகு சரியாக மூடியிருக்கிறதா? உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில் செத்தை அடைத்திருக்கிறதா? மண்மூட்டை கைவசம் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகு, தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி டிக் அடிப்பார். நண்டு வளை கண்ணில் பட்டால் அங்கேயே களிமண் போட்டு மிதித்து அடைத்துவிடுவார். மொத்தமே அரைமணி நேர வேலை. பதினோரு மழைக்காலம் இப்படியே போனது. வெள்ளம் என்றால் என்னவென்று கேட்கிற குட்டிகள் காட்டில் பெருகின.

அந்த வருடம் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் பக்கத்துக் காட்டுக் கரடி வீரபாகு. அவருடைய ஏரி வருடா வருடம் உடையும். அவரும் தவறாமல் குதிப்பார். மார்பளவு தண்ணீரில் மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வரும் வீடியோ எல்லார் செல்போனிலும் சுற்றியது. சொந்தக் காட்டில் ஆள்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் இங்கே வந்து நின்றார். அதை யாரும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் ஓட்டுக் கேட்டு முதலில் போனது கரைக்கு அடியில் குடியிருந்த முயல் தையல்நாயகியிடம். ஐந்து குட்டிகளின் தாய்.

"ஓட்டா? நீங்க என்னத்தக் கிழிச்சீங்க தலைவரே? கரடியாரு ஒரே மழையில ஒம்பது பேரைக் காப்பாத்தியிருக்காரு. நீங்க எத்தன பேரு?"

"நம்ம காட்டுல யாரும் முழுகலையேம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒருத்தரைக்கூட நீங்க காப்பாத்தலை!"

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்தால், உதவியாளர் உடும்பு சிங்காரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"போஸ்டர்ல சாதனைன்னு என்னங்க போடட்டும்?"

"ஏரி உடையலைன்னு போடு."

"உடையாததை எப்படிங்க படம் புடிக்கிறது?"

மறுநாள் காலை கரையில் ஒரு நண்டு வளை தெரிந்தது. சரியாகத் தையல்நாயகியின் பொந்துக்கு மேலே. ஏகாம்பரம் களிமண்ணைக் கையில் எடுத்தார். குனிந்து கீழே பொந்தை ஒருமுறை பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது, தோற்பது அதைவிட வெட்கமாக இருந்தது. களிமண்ணைக் கீழே போட்டார். ஆனால் பாருங்கள், நேர்மையானவர், பொய் டிக் அடிக்க மனம் வரவில்லை. அந்த வரியை மட்டும் கிழித்து எறிந்தார்.

"சிங்காரம், புதுப் பட்டியல் எழுது. மூங்கில் தெப்பம் தயாரா? செல்போன்ல சார்ஜ் இருக்கா? குட்டியைத் தூக்குறப்ப என் முகம் தெரியுதா? முள்ளு மடங்கியிருக்கா?"

நாலாம் நாள் மழை கொட்டியது. அந்த வளை வழியே கரை உடைந்தது. கரடியார் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் இல்லாத தலைவர் அப்படித்தான். ஏகாம்பரம் தெப்பத்தில் வந்து, முள்ளை மடக்கி, முகத்தைக் காட்டி, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். எல்லா வரிக்கும் டிக் விழுந்தது. மொத்தம் எத்தனை குட்டி என்று எண்ணுவது பட்டியலில் இல்லை. நான்கு கரை சேர்ந்தன.

வாக்குப் பெட்டியில் கரடியாருக்கு அவருடைய ஓட்டு மட்டுமே விழுந்தது.

வெற்றி விழாவில் தையல்நாயகி மாலையோடு வந்தாள். எங்கே உண்மையைக் கேட்டுவிடுவாளோ என்று ஏகாம்பரம் ஓரடி பின்வாங்கினார். அவளோ காலில் விழுந்தாள்.

"நாலு புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்த சாமி! இத்தன வருஷமா உங்க அருமை தெரியாம இருந்துட்டேனே!"

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார் சிங்காரம், செல்போனை உயர்த்திப் பிடித்து. தலைவர் பார்த்தார்.

நீதி: எதையும் பட்டியல் போட்டு முறையாகச் செய்பவரே நல்ல தலைவர், கரையை உடைய விடுவதானாலும் சரி.