தீர்த்தச் செம்பில் ஒரு தவளை

சேலத்தில் ஒரு வண்ணமீன் கடை. மீன் பார்க்கக் குனிந்த எனக்குத் தொட்டியின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தவளை தெரிந்தது. மெல்ல மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தது என்பதுபோல் மறுபடி கீழே போய்விட்டது. அந்த நொடியில்தான் எனக்கு யோசனை பிறந்தது: இதை ஜோடியாக வாங்கி முட்டையிட வைக்க வேண்டும். (எங்கள் வீட்டில் இதை யோசனை என்று சொல்வதில்லை. "அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு" என்பார்கள்.)

"இது தரைக்கே வராதுங்க, ஆயுசு பூரா தண்ணிதான்" என்றார் கடைக்காரர். "உப்புத் தண்ணில மட்டும் உட்றாதீங்க."

அப்போது நான் விலங்கியல் இரண்டாம் வருடம். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ரொம்பக் குறைவு என்று நம்பிய காலம். ராசிபுரம் பஸ்ஸில் தவளை ஜோடி இருந்த தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட் அக்காவிடம் தவளையின் குலப்பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நாக்கே கிடையாது. இரையைக் கையால் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். பின்னங்காலில் குட்டிக் குட்டியாகக் கறுப்பு நகம். தென்னமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரி ஒருத்தி முட்டைகளை முதுகுத் தோலுக்குள்ளேயே சுமப்பாள். அந்த அக்கா ஆண்டகளூர் கேட்டிலேயே இறங்கிவிட்டார். (டிக்கெட் ராசிபுரம் வரைக்கும் எடுத்திருந்தார் என்பது என் சந்தேகம்.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் இடி விழுந்தது. எங்கள் போர் தண்ணி, சோப்பு நுரைக்காத உப்பு. காவேரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். அதை அம்மா இரண்டு நீல டிரம்மில் பிடித்து வைப்பார். ஒன்று குடிக்க. இன்னொன்று, அடுத்த முறை தண்ணி வராமல் போனால் எடுக்க. அந்த இரண்டாவது டிரம்மை அம்மா திறந்து நான் பார்த்ததே இல்லை. தவளைகளை அதில் விட்டு மூடிவிட்டேன். கண்ணாடித் தொட்டியும் நல்ல தண்ணியும் கிடைக்கிற வரைக்கும்தான், இரண்டே நாள்.

நான் மறந்துபோன ஒரு விஷயம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் புது வீட்டுக்கு மந்திரிப்பு, ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கும் சடங்கு. சனிக்கிழமை நான் கல்லூரிக்குப் போயிருந்தபோதே சொந்தக்காரர்கள் வந்து இறங்க, முதல் டிரம் காலி. எனக்குத் தெரியாமலே அம்மா இரண்டாவதைத் திறந்துவிட்டார்.

ஞாயிறு காலை பங்குத் தந்தை வந்தார். அம்மா டிரம்மில் செம்பை முக்கிக் கொடுக்க, ஃபாதர் தண்ணீரை மந்திரித்து, இலைக்கொத்தை நனைத்து அறை அறையாகத் தெளித்தார். ஹாலில் மூன்றாவது வீச்சுக்கு, தண்ணீரோடு சேர்ந்து ஒரு பழுப்பு உருவமும் பறந்துபோய் சோபாவுக்கு அடியில் விழுந்தது.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்கு மட்டும் கடைக்காரர் குரல் கேட்டது. புது டைல்ஸில், ஃபேன் காற்றில், அந்தத் தோல் எத்தனை நிமிஷம் தாங்கும்? சும்மா இருந்தால் என் மானம் பிழைக்கும், தவளை பிழைக்காது. முழங்கால் போட்டு, பிறகு படுத்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டேன்.

"ஜெனி, செபத்துல என்ன பொறள்றே?" அம்மா பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "தண்ணி இல்லீன்னா செத்துருமுங்க ஃபாதர்."

ஃபாதர் செம்பை நீட்டினார். தவளை தீர்த்தத்தில் இறங்கி, இரண்டு உதை உதைத்து நீந்தியது. ஃபாதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான் அந்த நிலைமையிலும் நாக்கு, நகம், முதுகு முட்டை என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணுதானா?" என்றார்.

பொய் சொல்லக்கூடிய இடமில்லை. "ரெண்டுங்க ஃபாதர். இன்னொண்ணு டிரம்முல."

பள்ளிபாளையத்திலிருந்து வந்திருந்த அத்தை, பக்கத்திலிருந்த காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். "நேத்துல இருந்து காப்பி நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு நாந்தானே சொல்லீட்டிருந்தேன்."

"கொதிக்க வெச்ச தண்ணிதானுங்க அத்தை" என்று ஆறுதல் சொன்னேன். அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த டிரம்மை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் தொடவில்லை. அப்படித்தான் அது எனக்குச் சொந்தமானது. மூன்று வருஷமாகியும் எங்கள் வீட்டில் காப்பி கொஞ்சம் நன்றாக இருந்தால், "தவளை போட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அவை இரண்டும் நலம். தண்ணீருக்கு அடியிலிருந்தே ஆண் ரீங்காரம் போடும். பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிறாற்போல் அத்தனை மெல்லிசாக இருக்கும். டிரம்மில் காதை வைத்துக் கேட்கவேண்டும். அம்மாகூட ஒருநாள் வைத்திருந்தார். நான் பார்த்ததும் டிரம்மைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முட்டை மட்டும் இன்னும் இல்லை. அடுத்த முறை காவேரி வரும்போது, முதலில் டிரம் தண்ணியைக் குறைத்து, அப்புறம் வெதுவெதுப்பாக ஊற்றிப் பார்க்கப்போகிறேன்; மழைக்காலம் வந்துவிட்டதென்று அவை ஏமாறவேண்டும். இந்தத் தடவை டிரம்மையே மந்திரித்துத் தருகிறேன் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். அத்தையும் வருகிறாராம். தண்ணி பாட்டிலோடு.