நூற்றுக்கு நூறு நாடு

வெண்கரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் அரசரைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளும் நாடு.

அங்கே செங்கல் சூளைகளை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை மணி அடித்ததும் ஆசிரியை வைரமணி வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பனிடம் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவார். “இன்னைக்கு வகுப்புல தூங்கி வழிஞ்சானே, என்னம்மா?” “ரெண்டு நாளா காச்சல் டீச்சர்.” அவ்வளவுதான் பேச்சு. பாதிப் பிள்ளைகள் அந்தப் பேச்சிலேயே தேறினார்கள்.

ஒருநாள் கல்வி அமைச்சர் உத்தண்டராயர் பல்லக்கில் அவ்வழியே போனார். திரையை விலக்கிப் பார்த்தார்.

“ஆகா! இல்லமும் பள்ளியும் கைகோர்த்து நிற்கின்றன. இதை இப்படியே விட்டுவைப்பது முறையா?” என்றார்.

விட்டுவைக்கவில்லை. அடுத்த மாதமே ‘இல்லம் பள்ளி நல்லுறவுச் சட்டம்’ வந்தது. பெற்றோரும் ஆசிரியரும் வாய்விட்டுப் பேசுவது இனி முறைசாராத் தொடர்பு, தண்டனைக்குரியது. சொல்ல வேண்டியதை நாற்பத்திரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தில் எழுதித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும்.

“எழுதத் தெரியாத பெற்றோர்?” என்று கேட்டார் வைரமணி.

“அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கொள்க” என்றார் அமைச்சர்.

சூளையில் மண் மிதிக்கும் சிட்டம்மாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவள் மகள் மரகதம் இரண்டாம் வகுப்பு. கொஞ்ச நாளாகச் சோற்றுத் தட்டை மூக்குக்கு அருகே தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். வாசலில் கிடக்கும் செருப்பைக் கையால் தடவித் தேடுகிறாள். வைரமணியிடமும் ஒன்று இருந்தது. வாயால் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்பிக்கிற பெண், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் கிறுக்கி வைக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் பிள்ளைக்குக் கண் மங்கல் என்று எவருக்கும் விளங்கிவிடும். சேர்த்து வைக்கத்தான் சட்டம் விடவில்லை. படிவத்தில் தாயின் கைரேகைக்குக் கட்டம் இருந்தது, தந்தையின் குலத்துக்குக் கட்டம் இருந்தது, அரசர் மீதுள்ள அன்பின் அளவுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. பிள்ளையின் கண்ணுக்குக் கட்டம் இல்லை.

படிவம் நிரப்பவே ஆசிரியைக்குப் பொழுது போதவில்லை. பாடம் என்னாவது? ‘வீடே பெரும்பள்ளி’ என்று அரசர் முழங்கினார். பாடம் வீட்டுக்குப் போயிற்று. விடியலில் சூளைக்குப் போய் மாலையில் களைத்துத் திரும்புகிற, எழுத்தறியாத சனம் அதைக் கற்பிக்க வேண்டுமாம்! இந்த யோசனையைச் சொன்ன வாய்க்கு அரண்மனையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

பெற்றோர் ஒழுங்காகக் கற்பிக்கிறார்களா என்று பார்க்க, செவ்வாய்தோறும் ஆசிரியர் வீடு வீடாகப் போக வேண்டும் என்றது அடுத்த ஆணை. செவ்வாய்தோறும் பெற்றோர் பள்ளிக்கு வந்து கையொப்பமிட வேண்டும் என்றது அதற்கடுத்த ஆணை. இரண்டுக்கும் ஒரே நேரம். வைரமணி பூட்டிய கதவின் முன்னால் நிற்பார். சிட்டம்மா ஆசிரியர் இல்லாத வகுப்பின் முன்னால் நிற்பாள். நடுவழியில் எதிர்ப்படுவார்கள்.

“டீச்சர், எம் பொண்ணு...”

“முறைசாராத் தொடர்பு!” என்று தெருவில் நிறுத்தப்பட்ட அரசுக் கண்காணிப்பாளர் கோலை நீட்டுவார். இருவரும் தலைகுனிந்து நடப்பார்கள்.

ஆண்டு முடிவில் தலைநகரத் தேர்வாளர் வந்தார். பத்தடி தள்ளி நின்று ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மரகதம் விழித்தாள். ‘கற்க இயலாதவள். காரணம்: தாயின் அலட்சியம்’ என்று எழுதிப் பெயரை நீக்கினார். இப்படி நாடெங்கும் பெயர்களை நீக்கி முடித்தபோது, பட்டியலில் மிஞ்சிய அத்தனை பிள்ளைகளும் படிப்பவர்களாக இருந்தார்கள். தேர்ச்சி நூற்றுக்கு நூறு.

விழா எடுத்தார்கள். ‘எல்லாப் பிள்ளைகளும் கற்றனர்’ என்ற பதாகை மேடையின் கீழ் விளிம்பில் தொங்கியது. நல்லுறவுக்குச் சான்றாக ஒரு தாயையும் ஓர் ஆசிரியையையும் ஓவியர் வரைவதற்காக மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆண்டு முழுக்கப் புகார் எழுதாத தாய் என்று தேர்ந்தெடுத்தது சிட்டம்மாவை. அவளுக்கு எழுதவே தெரியாது. பக்கத்தில் நின்ற ஆசிரியை வைரமணி.

“டீச்சர், தட்ட மூஞ்சிகிட்ட வச்சுத்தான் திங்குறா. எதுக்க நிக்கிற ஆளு தெரியலங்கிறா” என்று ஒரே மூச்சில் கொட்டினாள் சிட்டம்மா.

கரும்பலகைக் கிறுக்கலின் காரணம் வைரமணிக்கு விளங்கிவிட்டது. உடனே மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தில் நின்ற மரகதத்தை இழுத்து வந்து பதாகையின் முன் விட்டார். “கிட்டப் போ. இன்னும் கிட்ட.” எழுத்தில் மூக்கு இடிக்கும்வரை போனதும் மரகதம் உரக்கப் படித்தாள்: “எல்லாப் பிள்ளைகளும் கற்றனர்.”

“படிக்கிறா பாருங்கய்யா! எம் பொண்ணு படிக்கிறா! கண்ணுதான்யா தெரியல! ஒரு வருசத்தப் பாழாக்கிட்டீங்களேய்யா, பாவிங்களா!” என்று சிட்டம்மா மார்பில் அறைந்துகொண்டாள்.

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தொண்டையைச் செருமினார். “மாட்சிமை பொருந்தியவரே, இவளைச் சேர்த்தால் நீக்கிய மற்றவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். நூறு என்ற எண் என்னாவது?”

மரகதம் சேர்க்கப்படவில்லை. வைரமணிக்கு வேலை போயிற்று. பதாகையை ஐம்பதடி உயரத்தில் கட்ட அன்று மாலையே ஆணை பிறந்தது. இப்போது நல்ல கண் உள்ளவர்களாலும் அதைப் படிக்க முடியாது. படித்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் படிவம் மட்டும் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யார் கையெழுத்துப் போட்டது?